நாளாந்தம் நாம் அருந்தும் மருந்து: கஃபீன்

வீட்டுக்கு ஒருவர் வந்தால் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்காத தமிழ் வீடு இல்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் அந்தப் பழக்கத்தோடு கோப்பியும் சேர்ந்துகொண்டது. விடியப்புறம் துப்புரவு வேலைக்குப் போகிறவர், உணவகத்தில் இரண்டாவது வேலை செய்பவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்று எல்லோரையும் தூக்கி நிறுத்துவது அந்தக் கோப்பைதான். சாராயத்தையும் சிகரெட்டையும் பற்றிப் பிள்ளைகளை எச்சரிக்கும் நாம் தேநீரை அந்த வரிசையில் வைப்பதில்லை. வைக்கத் தேவையும் இல்லை. ஆனால் அதில் உள்ள கஃபீன் மூளையில் வேலை செய்யும் ஒரு மருந்து. உலகில் மிக அதிகமான மக்கள் நாளாந்தம் எடுக்கும் ஊக்கமருந்தும் அதுதான். மருந்து என்றால் அதற்கு அளவும் உண்டு, எடுக்கும் நேரமும் உண்டு.

எப்படி வேலை செய்கிறது?

கோப்பி, தேயிலை, கொக்கோ போன்ற தாவரங்கள் பூச்சிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் கசப்புப் பொருளே கஃபீன். 1819 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் ரூங்க இதைக் கோப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். அந்தக் கொட்டைகளை அவரிடம் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கோதே.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்குரிய பூட்டில் திறப்புப் போல் பொருந்தும்போது எங்களுக்கு நித்திரை வருகிறது. கஃபீன் அதே பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது. அடினோசினை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டு நிற்கும். களைப்பு உடலில் அப்படியே இருக்கும், அது எங்களுக்குத் தெரியாமல் போகிறது. கஃபீன் விலகியதும் மொத்தக் களைப்பும் ஒன்றாக வந்து விழுவது இதனால்தான்.

குடித்த கஃபீனில் பாதியை ஈரல் அகற்றுவதற்கு ஆரோக்கியமான ஒருவருக்குச் சராசரியாக 5 மணித்தியாலம் எடுக்கும். மாலை 6 மணிக்கு 200 மில்லிகிராம் உள்ளே போனால் இரவு 11 மணிக்கும் 100 மில்லிகிராம் உடலில் இருக்கும். இது ஆளுக்கு ஆள் வேறுபடும். புகைபிடிப்பவர்களுக்கு விரைவாகக் குறையும். கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் எடுக்கும்.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு

15ஆம் நூற்றாண்டில் யேமன் நாட்டின் சூபிகள் இரவு வழிபாட்டில் விழித்திருக்கக் கோப்பி குடித்தார்கள். 1511 இல் மக்காவில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது, தடை நிலைக்கவில்லை. 1652 இல் லண்டனில் முதலாவது கோப்பிக் கடை திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் எங்கள் மக்களின் பங்கு இலங்கையின் மலைநாட்டில் தொடங்குகிறது. பிரித்தானியர் அங்கே காடழித்து முதலில் நட்டது கோப்பியை. அதற்காகத்தான் தமிழகக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்கள் கடல் கடந்து, மன்னார்ப் பக்கமாகக் காட்டுவழியில் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1869 இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழில் சரிந்துபோனது. அதற்குச் சற்று முன், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. லயன் அறைகள் மாறவில்லை. அந்தத் தேயிலையைக் கிள்ளிய மக்களில் மிகப் பெரும்பாலானோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் நாம் வாங்கும் சிலோன் தேயிலைப் பெட்டிக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

எவ்வளவு குடிக்கலாம்?

பிரித்தானிய சுகாதார சேவை தரும் கணக்கு ஏறக்குறைய இப்படி:

- ஒரு பெரிய கோப்பை தேநீர்: 75 மில்லிகிராம்
- ஒரு பெரிய கோப்பை உடனடிக் கோப்பி: 100 மில்லிகிராம்
- வடிகட்டிய கோப்பி: 140 மில்லிகிராம்
- ஒரு கோலா ரின்: 40 மில்லிகிராம்
- 250 மில்லிலீற்றர் சக்தி பானம்: 80 மில்லிகிராம்

சாயம் கூடக்கூட இந்த அளவும் கூடும். ஆரோக்கியமான வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை, ஒரே தடவையில் 200 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் அறிவித்தது. இதற்கு மேல் போனால் நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், பதற்றம், நித்திரையின்மை வரலாம். சிலருக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே அவை வரும்.

இரவு வேலை செய்பவர்களுக்கு

படுப்பதற்கு 6 மணித்தியாலத்துக்கு முன் எடுத்த 400 மில்லிகிராம் கஃபீன்கூட நித்திரையை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைத்ததாக 2013 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விடிய 6 மணிக்கு வேலை முடித்து 8 மணிக்குப் படுக்கிறவர், கடைசிக் கோப்பியை அதிகாலை 2 மணிக்கு முன்னரே குடித்துவிடுவது நல்லது. வேலை முடியும் நேரம் குடிப்பது பகல் நித்திரையைக் கெடுக்கும். அடுத்த இரவு இன்னும் கூடக் குடிக்க வைக்கும். வருடக் கணக்கில் இந்தச் சுழலுக்குள் இருப்பவர்கள் எங்களிடையே நிறையப் பேர். கண் சொருகும்போது கோப்பியை நம்பி வாகனம் ஓட்டாதீர்கள்.

கர்ப்பிணிகளும் பிள்ளைகளும்

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கஃபீன் பாதியாகக் குறைய 15 மணித்தியாலம் வரை எடுக்கலாம். அது குழந்தைக்கும் போகும். அதை அகற்றும் வலிமை குழந்தையின் ஈரலுக்கு இல்லை. அளவு மிஞ்சினால் குழந்தையின் பிறப்பு எடை குறையும் ஆபத்து உண்டு. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் எல்லை; கனடாவில் 300.

பிள்ளைகளுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது கனடிய சுகாதாரத் திணைக்களம். 30 கிலோ பிள்ளைக்கு அது 75 மில்லிகிராம். அரை லீற்றர் சக்தி பானம் ஒன்றில் ஏறக்குறைய 160 மில்லிகிராம் உண்டு. லிதுவேனியா 2014 இலும் போலந்து 2024 இலும் 18 வயதுக்குட்பட்டோருக்குச் சக்தி பானம் விற்பதைத் தடைசெய்தன. பிள்ளையின் பாடசாலைப் பையில் அந்த ரின் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சோறும் குளிசையும் தேநீரும்

எங்கள் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தேநீர் தடுக்கும். இதற்குக் காரணம் கஃபீன் அல்ல, தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலம் விடுங்கள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தைரொயிட் குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணித்தியாலமாவது கழித்தே தேநீரோ கோப்பியோ குடிக்க வேண்டும்.

நல்ல செய்திகளும் உண்டு

கோப்பி புற்றுநோய் தரும் என்ற பழைய சந்தேகத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016 இல் விலக்கிக்கொண்டது. ஆனால் 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கக்கூடும் என்றது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் சற்று ஆறவிட்டுக் குடியுங்கள். கோப்பி குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ரின்பாலும் மூன்று கரண்டி சீனியும் சேர்த்த கோப்பையிடம் அந்த நன்மையை எதிர்பார்க்க முடியாது. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளின் மூச்சு நின்றுபோகாமலிருக்க வைத்தியசாலைகளில் கொடுக்கப்படுவதும் இதே கஃபீன்தான், மிக நுணுக்கமாக அளந்து.

குறைப்பது எப்படி?

கந்தசஷ்டி விரதத்தில் முதல் நாளே வரும் தலையிடிக்குப் பசியை மட்டும் குற்றம் சொல்கிறோம். பலருக்கு அது கஃபீன் நின்றதால் வருவது. நிறுத்திய 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி, இரண்டு முதல் ஒன்பது நாட்கள் வரை இருக்கலாம். ஆகவே ஒரேயடியாக விடாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கோப்பை வீதம் குறையுங்கள். மாலைக் கோப்பையிலிருந்து தொடங்குங்கள். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், பதற்ற நோய் உள்ளவர்கள் தங்களுக்குரிய அளவைத் தங்கள் வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும். அவரிடம் போவதற்கு முன் ஒரு நாளில் எத்தனை கோப்பை, எந்தெந்த நேரம் என்று எழுதிப் பாருங்கள். நினைத்திருந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும்.