எலும்பின் கணக்கு

குறைமாதக் குழந்தைகளின் வரலாற்றை எல்லாரும் சூட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். 1880-களின் தொடக்கத்தில், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, பாரிஸ் மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே குழந்தைகளுக்கு இன்குபேட்டர் கொண்டுவந்தார். நல்ல கதைதான். ஆனால் எனக்கு, ரொம்ப நாள் கழித்து வந்த எலும்பின் கதைதான் முக்கியமாகப் படுகிறது.

1960, 70-களில் வென்டிலேட்டர்கள் வந்தபின் ஒரு கிலோ குழந்தைகளும் பிழைக்க ஆரம்பித்தன. பிழைத்த சில வாரங்களில் எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்து தெரிந்தது. சிலவற்றுக்கு விலா எலும்பே முறிந்திருந்தது. வைட்டமின் டி குறைவு மட்டும்தான் காரணம் என்றால் சொட்டு மருந்தோடு முடிந்திருக்கும். முடியவில்லை.

கரு தன் கால்சியத்தில் சுமார் 80 சதவீதத்தைக் கடைசி மூன்று மாதத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. கிலோவுக்கு தினமும் 100 மில்லிகிராமுக்கு மேல். 28 வாரத்தில் பிறந்துவிட்டால் அந்த வரவு நின்றுபோகும். அப்புறம் எல்லாத்தையும் குடல்தான் பார்த்துக்கணும். 100 மில்லி தாய்ப்பாலில் இருப்பதோ ஏறக்குறைய 30 மில்லிகிராம். அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் உடம்பில் சேரும். பாஸ்பரஸும் போதாவிட்டால், சேர்ந்த கால்சியம்கூட எலும்பில் படியாமல் சிறுநீரில் போய்விடும்.

1980-களில் இரண்டையும் பொடியாக்கித் தாய்ப்பாலிலேயே கலந்து கொடுக்கும் வழக்கம் பரவியது. பாலை மாற்றவில்லை, பற்றாக்குறையை மட்டும் நிரப்பினார்கள். "உன் பால்ல சத்தில்ல" என்று ஒரு தாயிடம் சொல்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியணும். அவள் பாலில் குறையில்லை; நாள்தான் குறைந்துபோனது.