மேன்டல் கேட்ட கேள்வி

மணவூரில் கரண்ட் போன ஒரு ராத்திரி. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, காலி கண்ணாடி டம்ளரின் தடித்த அடிப்பாகம் வழியாக எதிரே எரிந்த மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுடர் இரண்டானது. டம்ளரைத் திருப்பியதும் வில்லாக வளைந்து நீண்டது. "என்ன சார் தெரியுது அதுல?" என்றார் கடைக்காரர். "சும்மா" என்றேன். விவரம் கேட்டவரிடம் ஏன் சும்மா என்றேன் என்பதிலிருந்தே இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

நிறைக்கு அருகே ஒளி வளையும் என்பது 1919 சூரிய கிரகணத்தின்போது அளந்து காட்டப்பட்டது. அப்படியானால் ஒரு நட்சத்திரமே லென்ஸாகுமா? 1936இல் இந்தக் கேள்வியோடு ஐன்ஸ்டைனைத் தேடிப் போனவர் ரூடி மேன்டல். செக் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பொறியாளர், வானியலுக்கு வெளியாள். ஐன்ஸ்டைன் கணக்கிட்டு ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். நேரில் பார்க்க வாய்ப்பில்லை என்றும் அதிலேயே எழுதினார். இதற்குப் பெரிய மதிப்பில்லை, பாவம் அந்த மனிதர் சந்தோஷப்படுவார் என்கிற தொனியில் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம். இதே கணக்கை அவர் 1912லேயே போட்டு வைத்திருந்தார் என்பது 1997இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

கேள்வி கைமாறி ஸ்விக்கியிடம் போனது. கேலக்ஸிக் கூட்டங்களில் கண்ணுக்குத் தெரியாத நிறை இருக்கிறதென்று 1933இல் சொன்னவர் அவர். நட்சத்திரங்களை விடுங்கள், கேலக்ஸிகளே லென்ஸ்கள் என்று 1937இல் எழுதினார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 1986-87இல், ஏபெல் 370 என்ற கூட்டத்தில் ராட்சத ஒளிவில் ஒன்று கவனத்துக்கு வந்தது. அது லென்ஸின் வேலையென்று உடனே எல்லாரும் ஒப்பவில்லை. கூட்டத்துக்கு வெகு பின்னாலுள்ள கேலக்ஸியின் ஒளிதான் இப்படி இழுபட்டிருக்கிறது என்பதை 1988இல் நிறமாலை உறுதிப்படுத்தியது. ஒளி எவ்வளவு வளைகிறதோ, அதை வைத்துக் கூட்டத்தை எடைபோடலாம். எடைபோட்டால், கண்ணுக்குத் தெரியும் பொருள் போதவில்லை.

கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன் இந்த வளைவுகளைக் கொண்டே இருண்ட பொருளுக்கு வரைபடம் போடுகிறவர். 2020இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, கூட்டங்களுக்குள் இருக்கும் சிறு திரட்சிகள் கணினி மாதிரிகள் சொல்வதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வலுவான லென்ஸ்களாக இருப்பதைக் காட்டியது. ஆக, கணினி மாதிரிகளிலோ கோட்பாட்டிலோ ஏதோ இடிக்கிறது.

மேன்டலைத் தியாகியாக்க வேண்டியதில்லை. உயிரினங்கள் அழிந்ததற்கும் இந்த ஒளிக்கும் முடிச்சுப் போட்டவர் அவர், அதெல்லாம் நிற்கவில்லை. ஆனால் கேள்வி நின்றது. கேட்டவனின் தகுதியை முதலில் அளக்கிற பழக்கம் ஐன்ஸ்டைனோடு முடிந்ததாக நாம் நம்பிக்கொள்ள முடியாது. விளிம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நானே அன்றைக்கு "சும்மா" என்றவன்தானே.

கடைக்காரருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.