காரைக்கால் விடுதலை இயக்கம்

காரைக்கால் விடுதலை இயக்கம் என்பது பிரெஞ்சிந்தியாவின் ஒரு பகுதியாக இருந்த காரைக்காலை இந்தியாவுடன் இணைப்பதற்காக நடைபெற்ற மக்கள் இயக்கம் ஆகும். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி கிழக்கே கடலும் ஏனைய பக்கங்களில் தஞ்சாவூர் மாவட்டமும் சூழ்ந்தது. விழிதியூர் போன்ற நெல் விளையும் சிற்றூர்களும் இதில் அடங்கும்.

இளைஞர்களின் பங்கு

வ. சுப்பையா 1934இல் "சுதந்திரம்" இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 23. 1936 சூலை 30 அன்று பாண்டிச்சேரி ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. 1940களின் பிற்பகுதியில் பிரெஞ்சிந்திய மாணவர் காங்கிரசு இணைப்புக்காகப் பரப்புரை செய்தது. எனினும் பிரெஞ்சுச் சட்டப்படி வாக்களிக்கும் வயது 21 என்பதால் மாணவர் பலருக்கு வாக்குரிமை இல்லை.

1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949இல் முடிவுற்றது. அதன்பின் அண்டை ஊருக்குச் செல்வதும் எல்லைச் சோதனைக்கு உட்பட்டது. இணைப்புக் கோரிக்கை சிற்றூர்களிலும் வலுப்பெற இதுவும் ஒரு காரணம் எனலாம்.

வாக்கெடுப்புச் சிக்கல்

நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க அங்குள்ள மக்களின் இசைவு தேவை என 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு கூறியது. சந்தன்நகரில் 1949 சூன் 19 அன்று மக்களே நேரடியாக வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவாக 7,473 வாக்குகளும் எதிராக 114 வாக்குகளும் பதிவாயின. காரைக்காலில் அவ்வாறு நடக்கவில்லை. பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் முறைகேடுகளுக்குப் பெயர் பெற்றவை என்பதால், பிரெஞ்சு நிருவாகத்தின் கீழ் நடக்கும் வாக்கெடுப்பை இணைப்பு ஆதரவாளர்கள் நம்பவில்லை. 1954 மார்ச்சில் பாண்டிச்சேரி நகராட்சித் தலைவர்கள் வாக்கெடுப்பின்றி இணையக் கோரித் தீர்மானம் நிறைவேற்றினர். காரைக்கால் நகராட்சிகளும் அவர்களைப் பின்பற்றின.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அந்த 178 பேரும் பிரெஞ்சு ஆட்சியில் நடந்த தேர்தல்களில் தெரிவானவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

இணைப்பு

1954 நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோதும், அல்சீரியப் போர் காரணமாகப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962இல்தான் அதற்கு ஒப்புதல் அளித்தது. 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிகழ்ந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அவ்வாறு தேர்ந்தெடுத்தோரின் வழிவந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இன்றும் காரைக்காலில் வாழ்கின்றனர்.