அடிமைப் பெண்ணுக்காக வாதாடிய வக்கீல்

ஏட்டில் எழுதிய உரிமை தானே நடந்துவந்து ஏழையின் கதவைத் தட்டுவதில்லை. அதைத் துணிந்து கேட்பவரும், கேட்டவர்க்காக வாதாடுபவரும் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடு தோன்றிய காலத்து வக்கீலும் சட்டசபையாளருமான தியோடர் செட்ஜ்விக்கின் வரலாறு நமக்கு இதனையே உணர்த்துகின்றது.

1746-இல் பிறந்த இவர், மாசசூசெட்ஸ் மாகாணத்து ஷெபீல்டு என்னும் ஊரில் தொழில் நடத்தினார். 1773-இல் அவ்வூரார் பிரிட்டிஷ் ஆட்சியைக் கண்டித்து, மாந்தர் யாவரும் சமமானவர், சுதந்தரமுடையவர் என்று பிரகடனம் செய்தனர். அதனை வகுத்த குழுவின் தலைவர் கர்னல் ஜான் ஆஷ்லி. எழுதியவர் செட்ஜ்விக் என்பர். குழு கூடியது ஆஷ்லியின் மாளிகையில். அம்மாளிகையிலேயே பெட் என்னும் ஆபிரிக்க வமிசத்து மாது அடிமையாக உழைத்து வந்தாள். என்னே முரண்!

ஒருநாள் எஜமானி, பழுக்கக் காய்ந்த அடுப்புக் கரண்டியை வேறொரு பெண்மீது ஓங்கினாள். பெட் குறுக்கே பாய்ந்து அவ்வடியைத் தன் கையில் ஏற்றாள். அத்தழும்பு இறுதிவரை மறையவில்லை.

1780-இல் மாசசூசெட்ஸின் புதிய அரசியற் சட்டம், எல்லோரும் சுதந்தரராகவும் சமமாகவும் பிறந்தவர் என முதல் விதியிலேயே கூறிற்று. எழுத்தறியாத பெட் அதனைக் காதாற் கேட்டாள். அச்சட்டம் தனக்கும் விடுதலை தராதோ என்று செட்ஜ்விக்கை நாடி வினவினாள். ஆஷ்லியோடு ஒரே குழுவில் அமர்ந்தவராயினும் அவர் வழக்கை ஏற்றார். பிராம் என்ற மற்றோர் அடிமையும் உடன் சேர்ந்தான். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நியாயஸ்தலத்து ஜூரர்கள், இருவரும் அடிமைகளல்லர் எனத் தீர்ப்பளித்து, 30 ஷில்லிங் நஷ்டஈடும் விதித்தனர். மேல்முறையீடு செய்த ஆஷ்லி பின்னர் அதனைக் கைவிட்டார். 1790-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அம்மாகாணத்தில் ஓர் அடிமையும் பதிவாகவில்லை.

செட்ஜ்விக் பின்னர் காங்கிரஸ் அங்கத்தினராகவும், செனட்டராகவும், 1799 முதல் 1801 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராகவும், 1802 முதல் 1813-இல் இறக்கும் வரை மாகாண உயர்மன்ற நீதிபதியாகவும் விளங்கினார். அவரைக் குறையற்றவர் என்று நாம் புகழவில்லை. 1786-இல் கடன்பட்ட குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் அவர்.

பெட், விடுதலை பெற்றவள் எனப் பொருள்படும் ஃபிரீமன் என்ற பெயரைச் சூடி, செட்ஜ்விக் இல்லத்தில் கூலி பெற்றுப் பணிபுரிந்தாள். 1829-இல் இறந்த அவளை ஸ்டாக்பிரிட்ஜிலுள்ள அக்குடும்பத்தார் கல்லறை நிலத்திலேயே அடக்கம் செய்தனர்.

நம்மவர் கருதிப் பார்க்க. முதலிற் கேட்டவள் கல்லாதவள். அவளுக்காக எழுந்தவர் கற்றவர். இவ்விருவரில் ஒருவர் வாளாவிருந்திருப்பினும் அச்சட்டம் அவளுக்கு வெறுங் காகிதமாகவே இருந்திருக்கும்.