ஆலை வாசலில் தத்துவம்

தத்துவம் என்றவுடன் நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில் தூசி படிந்து கிடக்க வேண்டிய சரக்கு அது என்று எண்ணிவிட்டோம். இராயபுரத்தில் வலை உலர்த்துகிறவருக்கும், எண்ணூரில் ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறவருக்கும் அதனால் என்ன பிரயோஜனம்? கல்லூரியில் இரண்டே ஆண்டுகளோடு நின்றுவிட்ட நான் இந்தக் கேள்விக்குப் புத்தகங்களில் விடை தேடியதைவிட, வடசென்னையின் சரித்திரத்தில் தேடியதே அதிகம்.

இராயபுரத்துக்கு மேற்கே சற்றுத் தொலைவில் இருக்கிறது பெரம்பூர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகள் கூடிச் சமயச் சொற்பொழிவு கேட்பதற்கென்று ஒரு சபை இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதை நடத்திவந்தார்கள். பரலோகத்தைப் பற்றிக் கேட்க வந்த கூட்டம் நாளடைவில் இந்த லோகத்தைப் பற்றியும் பேசத் தொடங்கியது. மதியச் சோறு உண்ண அரைமணி நேரம் போதுமா என்ற கேள்வி அப்படித்தான் எழுந்தது.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் தலைவர் பி. பி. வாடியா, அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். அவருக்குத் துணை நின்ற திரு. வி. க., வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். ஒருவர் தத்துவவாதி; மற்றவர் வாத்தியார்! ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மேல் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளி சங்கம் சேர்வதே குற்றமாகிவிடுமோ என்று நாடு முழுவதும் கவலை உண்டாயிற்று. 1926-இல் வந்த தொழிற்சங்கச் சட்டத்துக்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிக்கும். ஆனால் 1921-இல் நடந்த வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளிகளும் மற்றவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் போயின. சகோதரத்துவம் என்ற சொல்லை மேடையில் கேட்டுக் கைதட்டியவர்கள்தாம் அவர்களில் பலரும். கேட்பது வேறு, கற்பது வேறு என்பதை இதைவிடக் கொடுமையாகச் சொல்லிக்காட்ட முடியாது.

அந்தக் கற்பிக்கும் வேலையைச் செய்ய முனைந்தவர் ம. சிங்காரவேலர். 1860-இல் சென்னையில் மீனவர் குலத்தில் பிறந்து, வழக்கறிஞரானவர். அவரிடம் டார்வினைக் கற்றுக்கொண்டதைத் திரு. வி. க. நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவரும் அவரே. 1930-களில் 'குடி அரசு' இதழில் பரிணாமம், பொருள்முதல்வாதம், சமதர்மம் என்று அக்கால உலகச் சிந்தனைகளையெல்லாம் தமிழில் எழுதினார். ஆங்கிலம் அறியாத வாசகனும் பிறப்பினால் வரும் உயர்வு தாழ்வுக்கு ஆதாரம் உண்டா என்று தானே யோசிக்க வேண்டும். அவர் எழுத்தின் நோக்கம் அதுதான். அவருடைய முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். யோசிக்கும் உரிமை படித்த சிலருக்கு மட்டும் சொந்தமன்று என்று அவர் நம்பினாரே, அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

துறைமுகத்துக்கு எதிரே இராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் அலுவலகக் கட்டடத்துக்கு இன்று சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். திருவொற்றியூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் மக்கள் மனுவோடு அங்கே வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நாம் என்ன படிப்புச் சொல்லுகிறோம்? வெல்டிங், கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டியவைதாம். சோறு போடுகிற படிப்பை இகழ நான் யார்? ஆனால், பெரம்பூர்த் தொழிலாளிகள் நூறாண்டுகளுக்கு முன்பே கேட்டார்களே, "இது நியாயமா?" என்று, அந்தக் கேள்வியைக் கேட்கவும், அதைப் பக்கத்து வீட்டுக்காரனுக்காகவும் கேட்கவும், எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம்?