ஸ்ரீபெரும்புதூர் வழக்கு: 26 பேருக்கு தூக்கு... ஒருவர்கூட தூக்கிலிடப்படாதது ஏன்?

மணிமங்கலம், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட்டுக்குப் போகிறவர்களில் பலர் ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி நினைவிடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1991 மே 21 இரவு அங்கே நடந்த மனித வெடிகுண்டுத் தாக்குதலில் ராஜீவுடன் காவலர்கள், பொதுமக்கள் எனப் பலர் பலியானார்கள். அந்த வழக்கில் தூக்கு தண்டனை பெற்றவர்கள் 26 பேர். தூக்கிலிடப்பட்டவர்கள்? ஒருவர்கூட இல்லை.

அப்போ தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டது யார்?

ஆட்டோ சங்கர். திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டி, சாராயக் கடத்தல், பாலியல் தொழில் என வளர்ந்து, 6 கொலைகளில் சிக்கியவர். 1990ல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார். ராஜீவ் கொல்லப்பட்ட பத்தே நாளில், மே 31ம் தேதி, செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் இவருக்குத் தூக்கு விதித்தது. 1995 ஏப்ரல் 27ல் சேலம் மத்திய சிறையில் நிறைவேற்றினார்கள். நாலு வருஷம்கூட ஆகலை. (இவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான 1994 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, தனியுரிமை பற்றிய முக்கியமான தீர்ப்பாக இன்னிக்கும் பேசப்படுகிறது.)

26 பேர் எப்படி 4 பேர் ஆனார்கள்?

1998 ஜனவரி 28ல் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11ல் சுப்ரீம் கோர்ட் 19 பேரை விடுவித்தது, 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய 4 பேரின் தூக்கு மட்டும் உறுதியானது. 2000ல் நளினியின் தண்டனையை ஆளுநர் ஆயுளாகக் குறைத்தார்.

மற்ற மூவரின் கருணை மனு ஜனாதிபதி மாளிகையில் சுமார் 11 வருஷம் கிடந்தது. 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டு, செப்டம்பர் 9 என்று தேதியும் குறித்தாச்சு. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். ஆகஸ்ட் 30ல் சென்னை ஹைகோர்ட் தடை போட்டது.

2014 பிப்ரவரி 18ல் சுப்ரீம் கோர்ட் மூவரின் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. காரணம், காரணமில்லாத தாமதம். சாவை எதிர்பார்த்து வருஷக்கணக்கில் உட்கார வைப்பதே இன்னொரு தண்டனை என்பதுதான் கோர்ட்டின் பார்வை.

இதில் 2013ல் வந்த ஒரு தகவலை மறக்க முடியாது. பேரறிவாளன் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த முன்னாள் சிபிஐ அதிகாரியே சொன்னார். 2011ல் தூக்கு நிறைவேறியிருந்தால்?

அமெரிக்காவில் எப்படி?

1976க்குப் பிறகு அங்கே 1,600க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சீரியல் கொலைகாரன் டெட் பண்டிக்கு 1979ல் தண்டனை, 1989ல் மின்சார நாற்காலி. தாமதத்தை மட்டுமே காரணமாக வைத்து தண்டனையைக் குறைக்க அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கொண்டதில்லை.

2022 மே மாதம் பேரறிவாளனும், நவம்பரில் மற்ற 6 பேரும் விடுதலையானார்கள். அன்று ஸ்ரீபெரும்புதூரில் உறவுகளை இழந்த குடும்பங்களில் சிலர், இவர்களை விடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் வரை போயிருந்தார்கள்.