கோலார் தங்கவயல் ரயில்பாதை

கர்நாடகத்தில் பங்காருப்பேட்டை சந்திப்பிலிருந்து பிரிந்து மாரிகுப்பத்தில் முடியும் அகல ரயில்பாதை. நீளம் சுமார் 16 கி.மீ. தங்கச் சுரங்கங்களுக்காக மைசூர் சமஸ்தானம் அமைத்த இது, 1894இல் திறக்கப்பட்டது. வண்டிகளை ஓட்டும் பொறுப்பு மெட்ராஸ் ரயில்வேயிடம் இருந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: கோலார் நகரம் இப்பாதையில் இல்லை.

சுரங்க ரயில் என்றாலே, வெட்டியெடுத்ததை வெளியே கொண்டுபோகத்தான் என்று தோன்றும். இங்கே நடந்தது தலைகீழ். ஒரு டன் பாறையை இடித்தால் கிராம் கணக்கில்தான் பொன் தேறும். பாறையை அங்கேயே அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்து, மிஞ்சிய மண்ணை அங்கேயே கொட்டினார்கள். அப்படிக் குவிந்தவைதான் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். 120 ஆண்டுகளில் கிடைத்த சுமார் 800 டன் தங்கத்துக்கு இன்றைய சரக்கு ரயில் ஒன்றில் கால்வாசி இடம் போதும். ஆக, இந்த ரயில் சுமந்தது சுரங்கம் தந்ததை அல்ல, தின்றதை: நிலக்கரி, முட்டுக்கொடுக்கும் மரம், இயந்திரங்கள், அரிசி. நெய்வேலியில் கதை வேறு. அங்கே பழுப்பு நிலக்கரி டன் டன்னாக வந்தாலும், அனல்மின் நிலையம் சுரங்கத்தை ஒட்டியே இருப்பதால் கன்வேயர் பெல்ட்டிலேயே உலைக்குப் போய்விடுகிறது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கவயலுக்கு வந்தது. நீராவி எஞ்சின்களுக்கு எரிபொருள் போதாமல் திண்டாடிய காலம் அது. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த பிறகே அந்தச் சுமை குறைந்தது.

பாதை ஏற்றிவந்த பெரிய சரக்கு மனிதர்கள் என்றே சொல்ல வேண்டும். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், குடும்பத்தோடு வந்து சுரங்க லயன்களில் குடியேறினார்கள். உரிகம், சாம்பியன், கோரமண்டல் என்ற நிலையப் பெயர்கள் எல்லாம் சுரங்கப் பெயர்களே. தமிழ் இன்றும் அந்தத் தெருக்களில் புழங்குகிறது.

2001 பிப்ரவரி 28 அன்று, அப்போது சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பாதை மூடப்படவில்லை. ஆட்களைச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்த தண்டவாளம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் காலையில் பெங்களூருக்கு வேலைக்குக் கொண்டுபோய், இரவில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. தற்போது இது தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது.